விசிலை அடக்கிய கெட்டில்

டப்பாவுக்குள்ளே யாரோ முனகுவதுதான் கெட்டிலுக்கு முதலில் கேட்டது. அப்புறம்தான் வீட்டுக்காரர் மூடியைத் திறந்தார். உள்ளே மலையுச்சியில் பறித்து, வறுக்காமல் உலர்த்திய வெள்ளைத் தேயிலை மொட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் பூனைமயிர் போல மெல்லிய வெள்ளை ரோமம். ஒரு சிட்டிகை அள்ளிக் கோப்பையில் போட்டுவிட்டு, அடுப்பைப் பற்றவைத்தார்.

"அண்ணே, கொதிக்கக் கொதிக்க ஊத்திராதீங்க, வெந்து கசந்துருவேன்" என்றது ஒரு மொட்டு. "இதமான சூட்டுலதான் என் வாசம் வரும். இன்னிக்கு இவருக்குப் பிடிக்கலேன்னா டப்பாவுல இருக்கிற எங்க சனம் மொத்தமும் குப்பைக்குத்தான்."

"பனியில பொறந்த மகாராணிக்கு அடுப்பங்கரையில என்ன வேலை?" என்று கெட்டில் சீண்டியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. விசிலடித்ததும்தானே அவர் தூக்கி ஊற்றுகிறார்? விசிலடிக்காவிட்டால் இவள் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்து, மூடியை லேசாகத் தூக்கி, ஆவியைச் சத்தமில்லாமல் வெளியே விட்டது.

வீட்டுக்காரர் காத்திருந்தார். "இன்னும் கொதிக்கலை போல" என்று தீயைக் கூட்டினார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. இதமான சூட்டிலேயே பொய்யாக ஒரு விசில் அடித்திருந்தால் அப்போதே இறக்கியிருப்பாரே என்று கெட்டிலுக்குத் தோன்றியபோது, அவர் பொறுமையிழந்து கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

"அண்ணே..." என்ற குரல் பாதியில் நின்றது.

ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார். "இதுக்கா கடைக்காரன் இத்தனை பீத்திக்கிட்டான்?" மிச்ச மொட்டுகளை டப்பாவோடு குப்பைக்கூடையில் கவிழ்த்தார். பிறகு கெட்டிலில் புதுத் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்துவிட்டு, வழக்கமான டீத்தூளை எடுத்தார். கெட்டில் தண்ணீரைச் சுடவைக்கத் தொடங்கியது.