மாடியில் துணி காயப்போடுகிறவள்

ஏவுகணை பொருத்திய ஆளில்லா விமானத்தின் கேமரா வழியே, கடல் தாண்டிய நாட்டில் ஒரு வீட்டு மாடியை நாற்பது நாளாகக் கண்காணித்துவந்தான் ராணுவத்திலிருந்த சேந்தன். வீடு திரும்பினால் அந்த மாடியில் துணி காயப்போடுகிறவள் பேச்சுதான்.

"இன்னைக்கு மஞ்சப் போர்வை. இடுப்புல பிள்ளைய வச்சுக்கிட்டு ஒத்தக் கையாலயே உதறிப் போடுறா."

மனைவி பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் தலை நிறையப் பூ வைத்து நின்றாலும் ஏறிட்டுப் பார்க்காதவன் அவன்.

"ரொம்ப அழகோ?"

"மேலேர்ந்து வகிடு மட்டும்தான் தெரியும்."

வகிடாமே! அவள் ஒழிந்தால் போதுமென்றிருந்தது.

நாற்பத்தோராம் நாள் அவன் அவளைப் பற்றி வாயே திறக்கவில்லை. பூங்கோதையையே வைத்த கண் வாங்காமல் பார்த்திருந்தான். ஜெயித்துவிட்ட பூரிப்பில் அவள் காபியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"கோதை, நாளையிலேர்ந்து துணிய வீட்டுக்குள்ளயே காயப்போடு."