முதல் ஊசி மேனேஜருக்கு

"முதல்ல மேனேஜருக்கு. அப்புறம்தான் மாமாவுக்கு."

மருமகள் இப்படிச் சொல்லிவிட்டு ஊசியோடு தரையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் மகளுக்குச் சுருக்கென்றது.

மேனேஜர் என்பது ஒரு பூனை. தெருவிலிருந்து வந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பதால் அந்தப் பெயர். அதற்குச் சர்க்கரை வியாதி. காலை ஏழு, மாலை ஏழு, வேளை தவறாமல் இன்சுலின்.

பெரியவருக்கும் அதே சர்க்கரை, அதே இன்சுலின். மேஜையில் அவருடைய தட்டு மூடியபடி இருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு பூனை சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் பத்து நாள் லீவில் அன்று மத்தியானம்தான் வந்திருந்தாள். பள்ளியில் விளையாட்டு டீச்சர். சாதாரணமாகப் பேசினாலே மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்.

"அண்ணி, அப்பா பசியோட உட்கார்ந்திருக்கார்."

"அஞ்சே நிமிஷம். இது சாப்பிடறப்பவே போட்டுடணும்."

பூனையின் முதுகுத் தோலை இரண்டு விரலால் தூக்கி, ஊசியைப் போட்டு எடுத்தாள் மருமகள். மேனேஜர் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"சமத்து," என்று அதன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மகளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"போன்ல கேட்கறப்ப எல்லாம் மாமா நல்லா இருக்கார், நல்லா இருக்கார்னு சொன்னீங்களே, இதுதானா அது? தெருவுல கிடந்த பூனைக்கு வயிறும் ரொம்பி, வைத்தியமும் முடிஞ்சு, அதுக்கப்புறம்தான் எங்கப்பாவா?"

"அப்படி இல்லம்மா..."

"இருபத்தெட்டு வருஷம் தீயணைப்பு வண்டியில போனவர். எரியற வீட்டுக்குள்ள புகுந்து ஆளைத் தூக்கிட்டு வந்தவர். அவரைப் பூனைக்குப் பின்னாடி வரிசையில நிறுத்தியிருக்கீங்க. அண்ணனுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? ரொம்ப நல்லா இருக்கு. அப்பா, பெட்டியை எடுங்க. என்னோட கிளம்புங்க."

மருமகள் ஃப்ரிட்ஜைத் திறந்து நீல டேப் ஒட்டிய மருந்தை உள்ளே வைத்தாள். சிவப்பு டேப் ஒட்டியதை வெளியே எடுத்தாள். நீலம் மேனேஜருக்கு, சிவப்பு மாமாவுக்கு. ஒன்றுக்கொன்று மாறிவிடக் கூடாது என்பதில் அவள் படு கறார். திட்டு வாங்கிக்கொண்டே, வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்தாள். முகம் மட்டும் வாடியிருந்தது.

பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"பாப்பா, இந்த வரிசையைப் போட்டது அண்ணி இல்ல. நான்."

"நீங்களா?"

"உட்காரு. சொல்றேன். வெளியில சொல்லிடாத." ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எனக்கு ஊசின்னா பயம்."

மகள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"நிஜமாத்தான். டாக்டர் எழுதிக் கொடுத்ததும், நானே போட்டுக்கறேன்னு ஜம்பமா சொல்லிட்டு பாத்ரூம் கதவைச் சாத்திப்பேன். ஒரு மாசம் வாஷ்பேசினுக்குத்தான் ஊசி போட்டேன்."

"அப்பா..."

"சர்க்கரை ஏறிக்கிட்டே போச்சு. அண்ணிக்குத்தான் சந்தேகம் வந்துது. கேட்டா, ஒத்துக்கிட்டேன். ஒரு வார்த்தை திட்டல. அந்த வாரம்தான் இவன் நம்ம வாசல்ல வந்து விழுந்தான், எலும்பும் தோலுமா. இவனுக்கும் சர்க்கரைன்னாங்க. பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்னு அண்ணி என்னைக் கூப்பிட்டா. நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுப் பிடிச்சேன். திறந்து பார்த்தா, ஊசி போட்டு முடிஞ்சிருக்கு, இவன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டிருக்கான்."

அவர் சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கழற்றினார்.

"நாலு நாள் பார்த்தேன். அஞ்சாம் நாள், எனக்கும் போட்டுடும்மான்னு சொல்லிட்டேன். ஆனா அவன் முதல்ல போட்டுக்கணும். அதைப் பார்த்தாத்தான் எனக்குத் தைரியம் வருது. மூணு மாசமா சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. அவனும் ஒரு கிலோ ஏறியிருக்கான், தெரியுமா?"

மருமகள் குனிந்து அவர் வயிற்றில் ஊசியைப் போட்டாள். அவர் மேனேஜர் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"சமத்து," என்றாள். அவர் பெருமையாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மகள் சிரித்துக்கொண்டே அண்ணி பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, போன்லயாவது சொல்லியிருக்கலாமே. நான் என்னென்னவோ பேசிட்டேன்."

"உங்கப்பா ஊசிக்குப் பயந்துக்கறார்னு உன்கிட்டயே சொல்றதா? நீ அவரைப் பத்திச் சொல்ற பெருமை என்ன, அதை நான் கெடுக்கறது என்ன? எனக்குக் கெட்ட பேர் வந்தா வந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அப்பா ரசித்துச் சாப்பிடுவதை மகள் பார்த்தாள். கிண்ணத்தை நக்கி முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்த மேனேஜரைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தன் கைப்பையைக் கொண்டு வந்தாள். அதன் உள்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அண்ணியிடம் நீட்டினாள்.

டாக்டர் சீட்டு. நாலு மாதத்துக்கு முந்தைய தேதி. எழுதியிருந்தது இன்சுலின். மேலே இருந்தது மகளின் பெயர்.

"நாளைக்குக் காலையில டாக்டரைப் பார்த்துட்டு மருந்தோட வந்துடறேன், அண்ணி," என்றாள், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரலில். "சாயங்காலம் அப்பாவுக்குப் பின்னாடி என்னையும் நிறுத்திக்கோங்க."