முத்தவல்லி அணிலின் கூலி

பாலைவனப் பாதையில் நின்ற பேரீச்ச மரத்தை ஒரு தாய் ஒட்டகம் பசித்த வழிப்போக்கர்களுக்கென்று வக்ஃபு செய்துவிட்டு இறந்துபோயிருந்தது. மரத்தைப் பராமரிக்கும் முத்தவல்லி பொறுப்பில் இருந்தது ஓர் அணில்.

மூன்று நாள் பட்டினியோடு தாயின் பிள்ளை வந்து சேர்ந்தது. வாட்டசாட்டமான ஒட்டகம்.

"இறங்கு அணிலே! இது என் உம்மாவின் மரம். இனி எனக்குத்தான்."

"விற்கக் கூடாது, வாரிசுக்கும் போகக் கூடாது என்று உங்கள் உம்மாவே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்."

"சாண் உயரம் இல்லை, எனக்குச் சட்டம் சொல்கிறாயா? கழுத்தை நீட்டினால் குலையே என் வாயில்!"

"தெரிகிறது. பசிக்கிறதா?"

ஒட்டகத்தின் தலை தாழ்ந்தது. "ரொம்ப."

"அப்படியென்றால் நீங்களும் வழிப்போக்கர்தான். வரிசையில் வாருங்கள்."

கழுதைக்கும் முள்ளெலிக்கும் பின்னால் நின்ற ஒட்டகத்துக்கு, எல்லோரையும் போலப் பத்துப் பழம் கிடைத்தது. அது எந்த மூலைக்கு?

அணில் தன் பொந்துக்குப் போய், அன்றைய கூலியான இரண்டு பழங்களில் ஒன்றை எடுத்துவந்து நீட்டியது.

"மரத்திலிருந்து கூடுதலாகத் தர எனக்கு உரிமை இல்லை. இது என்னுடையது. சாப்பிடுங்கள்."

ஒட்டகம் அந்த ஒரு பழத்தை வெகுநேரம் மென்றது. பிறகு காலால் மணலைத் தோண்டி, கொட்டையைப் பக்குவமாகப் புதைத்தது.

"குறித்துக்கொள்ளுங்கள், முத்தவல்லி," என்றது. "இதுவும் பசித்தவர்களுக்குத்தான்."