எருதாட்டத்துக்கு மறுநாள்

"அந்த மயிலைக் காளையை எனக்குக் குடுத்துடுங்க அக்கா. நேத்து வாங்குன பரிசு பூராவும் உங்களுக்கே வெச்சுட்டுப் போயிடறேன்."

அத்தாயி பெருக்குவதை நிறுத்தாமல் தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தாள். நேற்று மலையின் பதினாலு நாட்டுச் சனமும் தோளில் தூக்கி வைத்து ஆடிய அதே ஆள். திருப்புலி நாட்டுச் செல்லமுத்து. கையில் வெண்கலக் குடம், தோளில் சரிகை வேட்டி. இரண்டும் நேற்றைய பரிசு.

விளக்குமாறு மண்ணை வறட்டு வறட்டென்று கீறியது.

எடப்புளி நாட்டில் எருதாட்டம் நடந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. விளைச்சல் பொய்த்தது, அப்புறம் யுத்தம் வந்தது. இந்தத் தையில்தான் ஊர் துணிந்து எல்லா நாட்டுக்கும் சொல்லி அனுப்பியது. நேற்று முள்ளுக்குறிச்சியிலிருந்து வளையல்காரர்களும் பொரிகடலைக்காரர்களும் மூட்டை சுமந்து மலையேறி வந்தார்கள். காட்டிலாகா துரையை டோலியில் தூக்கி வந்து பலா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட அத்தாயியின் வீட்டுக்குள் உரிமையோடு நுழைந்து, "கூழு இருக்குதுங்களா?" என்று கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அந்த ஒரு நாள், இருபது குடிசை உள்ள ஊர் சேலம் பட்டணமாகிவிட்டது.

இன்றைக்கு வாசலை ஒட்டிய அதே களத்தில் கரும்புச் சக்கையும் எச்சில் இலையும்தான் கிடந்தன. பந்தல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சொந்த மண்ணில் தோற்ற ஊர், வாயைத் திறக்காமல் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா..."

"ஜெயிச்சது பத்தலையா உனக்கு? தோத்த மாட்டையும் ஓட்டிக்கிட்டுப் போயி உங்க ஊருல ஊர்கோலம் உடோணுமா?"

"அதுக்கில்லீங்க அக்கா."

"பின்ன எதுக்கு?"

செல்லமுத்து குடத்தைப் பார்த்தபடி நின்றான்.

அந்தக் குடம் அவள் ஆத்திரத்தைக் கிளறிவிட்டது. புருஷன் நாலு வருடத்துக்கு முன்பு முள்ளுக்குறிச்சிச் சந்தையில் ஒரு தரகனிடம் எலும்பும் தோலுமாக வாங்கிய மாடு அது. தவிடும் தண்ணீரும் காட்டித் தேற்றினாள். அப்படியும் அவளையே கிட்ட விட ஒரு வருடம் ஆனது. வேறு ஆள் கை பட்டால் குத்திக் கிழித்துவிடும். அந்தத் திமிரை நம்பித்தான் ஊரே மார் தட்டியது.

நேற்று அவிழ்த்து விட்டதும் அது பாய்ந்த பாய்ச்சலில் கூட்டம் சிதறியது. நாலு பேரைத் தூக்கி எறிந்தது. ஐந்தாவதாக இவன் எதிரே வந்தான். நடுக்களத்தில் காளை சட்டென்று நின்றது. இவன் திமிலில் கை வைத்தான். அது தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது, கசாப்புக்கடை ஆடு மாதிரி. அப்புறம் எழுந்த சிரிப்பு இன்னும் அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. துரைகூடச் சிரித்தார்.

"நெசத்தச் சொல்லு. என்ன மருந்து வெச்ச?"

"கொல்லிப்பாவை மேல சத்தியமாங்க. ஒண்ணும் வெக்கலீங்க."

"அப்பறம் எப்படி நின்னுச்சு? நாலு வருசமா ஒருத்தன் கைக்கும் ஆப்புடாதது, உன்னையக் கண்டதும் பயந்து நடுங்கிப்போச்சாக்கும்?"

"மாட்டைக் குடுங்க அக்கா. உங்க காலுல வேணாலும் உழுகறேன்."

"மாடு இல்ல."

"என்னங்க?"

"போயிருச்சு. 'மானத்த வாங்குன மாடு இனி இந்த ஊட்டுல நிக்கக்கூடாது'ன்னு என் தம்பி அர்த்தனாரி குதிச்சான். பட்டாளத்துக்குக் கறிமாடு புடிக்கற ஏவாரி ஒருத்தன் ஆட்டம் பாக்க வந்திருந்தான். கோழி கூப்புடற நேரத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். இந்நேரம் அடிவாரத்துல லாரி ஏத்தி அனுப்பியிருப்பாங்க."

சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. அர்த்தனாரியைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. ஆத்திரத்தில் நேற்று மாலை மாட்டுக்குத் தண்ணீர்கூட வைக்கவில்லை.

செல்லமுத்துவின் கையிலிருந்த குடம் நழுவி உருண்டது. அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ஜெயித்த ஆள் முகமா அது? அத்தாயி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அருகே வந்தாள்.

"ஏன் தம்பி? உனக்கென்ன வந்துச்சு?"

அவன் உருண்டு கிடந்த குடத்தை ஒதுக்கித் தள்ளினான்.

"சாமை வெளயாத வருசம் வித்துப்போட்டனுங்க. என் கட்டுத்தறியில பொறந்த கன்னு அது. தாய் செத்துப்போயி, நான்தான் கஞ்சி ஊத்தி வளத்தேன். இங்க இருக்குதுன்னு நேத்து அவுத்து உட்டப்பத்தான் எனக்கே தெரியும். எதிர்ல வந்ததும் அடையாளம் கண்டுக்கிச்சு. சனமெல்லாம் எம் பேரச் சொல்லிக் கத்துச்சு. திமிலப் புடிச்ச கைய எடுக்க எனக்கு மனசு வல்லீங்க."

முகத்தைத் தோளிலிருந்த சரிகை வேட்டியில் புதைத்துக்கொண்டான்.

"அது தோத்து நிக்கலீங்க அக்கா. ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கறேன்னு நெனச்சு நின்னுச்சுங்க."