சக்கர வீட்டுக்கு ஏற்ற மோட்டார்

"உங்கள் மோட்டார் காரோடு வந்த புத்தகப்படி அது அரை டன்தான் இழுக்கும். பின்னால் கட்டியிருக்கும் இந்தச் சக்கர வீடு முக்கால் டன். நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்," என்றார் மஹாதேவன்.

ஹவுரா பட்டறையில் அவர் கையெழுத்தில்லாமல் எந்த வண்டியும் வெளியே போகாது. போன மாதம் அவசரப்பட்டு ஒரு வண்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பாலத்து ஏற்றத்தில் கொக்கி அறுந்து, வண்டி கங்கையை எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் வேலை போய்விடும் என்று பட்டறைத் துரை எச்சரித்திருந்தார்.

"பாலிகஞ்ச் வரைக்கும்தானே ஓய்?" என்றார் வண்டிக்குச் சொந்தக்காரரான கிடர்பூர் சரக்கு ஏஜெண்ட் லக்ஷ்மிநாராயணன்.

"நடுவில் பாலம் இருக்கிறதே சார்."

பாரத்தைக் குறைக்கச் சக்கர வீட்டிலிருந்து இரும்புக் கட்டிலை இறக்கினார்கள். போதவில்லை. குளிக்கும் தொட்டியை இறக்கினார்கள். ஹார்மோனியம் இறங்கும்போது ஏஜெண்டின் மனைவி சாவித்ரி, "அடுத்து என்னை இறங்கச் சொல்வாரோ?" என்றாள்.

மஹாதேவன் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு, "வேண்டியதில்லை மாமி," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "மோட்டாரைக் கிளப்பச் சொல்லுங்கள் சார்."

லக்ஷ்மிநாராயணன் கைதட்டினார். கேட்டுக்கு வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நான்கு காளைகளை ஓட்டி வந்து, மோட்டாருக்கு முன்னால் பூட்டினார்கள்.

"மோட்டார் ஓடாதா சார்?"

"வாங்கின நாளிலிருந்து ஓடினதில்லை."

"அப்போ மாட்டை நேரே வீட்டிலேயே பூட்டலாமே?"

"நன்றாயிருக்கிறது ஓய். மாட்டு வண்டியில் வருகிறேன் என்று பாலிகஞ்சே சிரிக்குமே."

மஹாதேவன் காகிதத்தைத் திருப்பி வாங்கினார். 'இழுப்பது' என்ற இடத்திலிருந்த 'மோட்டார்' என்பதை அடித்துவிட்டு, அதை 'பாரம்' என்ற இடத்தில் எழுதினார்.