பெயருக்கு முன்னால் ஒரு தயக்கம்

மின்சாரத்தைத் தேக்கித் தரும் கெப்பாசிட்டர்கள் கெட்டுப்போய், மெக்கானிக் செலஸ்டின் புதுசு மாற்றிக் கொடுத்த மறுநாளே ரோஸம்மா தன் பழைய கம்ப்யூட்டரை அவனிடம் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இறந்துபோன அவள் கணவர் இன்னாசி ஒன்பது வருடமாக அதற்குள்தான் பேசும் குரலாக இருந்தார்.

செலஸ்டின் அதை ஓடவிட்டு, மீட்டரை வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தான். மின்னழுத்தம் எங்கேயும் பிசகவில்லை.

"ஒரு கோளாறும் இல்லையே அக்கா."

"அதுதான் தம்பி கோளாறு. என் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி வெட்கப்படுற மாதிரி கொஞ்சம் தயங்குவாரு. இப்போ ரேஷன் கடைக்காரர் மாதிரி பட்டுனு கூப்பிடுறாரு. பழசையே போட்டுக் குடு."

வீங்கிக் கசிந்திருந்த பழைய கெப்பாசிட்டர்களைக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி எடுத்தான் செலஸ்டின். பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூடேறிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரை அணைக்கக் கையை நீட்டியபோது ஸ்பீக்கர் பேசியது.

"வேண்டாம் தம்பி. அது வெட்கம் இல்ல. பழசு இருந்தப்போ ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்கு மூச்சு முட்டும்."

ரோஸம்மா மெல்ல உட்கார்ந்தாள். அந்தத் தயக்கத்தைக் கேட்பதற்காகவே ஒன்பது வருடமாகத் தினமும் சாயங்காலம், 'இன்னொரு தடவை சொல்லுங்க, இன்னொரு தடவை' என்று அவரைத் தன் பெயரைச் சொல்லவைத்திருந்தாள்.

"ரோஸம்மா," என்றது குரல், துளியும் தயங்காமல்.

"போதுங்க," என்றாள் அவள். "இனிமே சொல்ல வேண்டாம்."