வேறு யாராவது

அவள் ஓவனுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

அடித்தட்டு முழுக்கக் கரி. வெண்ணெய் வழிந்து, சீஸ் உருகி, மாதக்கணக்கில் தீய்ந்து தீய்ந்து தார் போல இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டினாள். அசையவில்லை.

பின்னால் சுபாஷினி நின்றிருந்தாள். ஏழு மாத வயிறு. நாளைக் காலை அவளுக்கு வளைகாப்பு. இன்று மத்தியானம் தங்கை வந்து கேக் செய்யப் போகிறாள். அதற்குள் ஓவன் சுத்தமாக வேண்டும்.

சுபாஷினியின் ஒரு கையில் ஓவன் கரியைக் கரைக்கும் ஸ்ப்ரே டப்பா. இன்னொரு கையில் போன். போனில் படித்ததை அப்படியே சொன்னாள்.

"மாசமா இருக்கறவங்க இதை மோந்துக்கவே கூடாதாம், தேனு. வேற யாராவதுதான் அடிச்சுத் தொடைக்கணுமாம்."

அந்த வேறு யாராவது அவள்தான். தேன்மொழி. இந்தப் பீளமேட்டு ஃபிளாட்டில் மூன்று வருடமாகப் பாத்திரமும் தரையும் அவள் பொறுப்பு.

அவளுக்கும் அன்று எண்பத்தோராவது நாள்.

வீட்டுக்காரனையும் மாமியாரையும் தவிர யாருக்கும் தெரியாது. முதல் தடவை நாற்பதாம் நாளே தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்தாள். ஒரு வாரத்தில் கலைந்தது. இரண்டாம் தடவை பெற்றவளிடம் மட்டும் சொன்னாள். அதுவும் தங்கவில்லை. கண் பட்டுவிட்டது என்றாள் மாமியார். இந்த முறை தொண்ணூறு நாள் தாண்டும்வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று குலசாமி படத்தின் முன்னால் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இன்னும் ஒன்பது நாள். வெறும் ஒன்பதே நாள்!

"அக்கா, ஆப்ப சோடாவக் கொழச்சுப் பூசி வெச்சுட்டா நாளைக்குத் தானா ஊறி வந்துருமுங்க்கா. எலுமிச்சம்பழம் போட்டுத் தொடச்சா போதும். ஒரு நெடியும் இருக்காது."

"நாளைக்கா? மத்தியானம் கேக் வெக்கணும், தேனு."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நானும் முழுகாம இருக்கேனுங்க்கா. மூன்றே வார்த்தை. சொல்லியிருந்தால் சுபாஷினி அந்த டப்பாவைக் குப்பையில் வீசியிருப்பாள். சுபாஷினி கெட்டவள் இல்லை.

வார்த்தை தொண்டைவரை வந்தது. கூடவே மாமியாரின் குரலும் வந்தது. போன ரெண்டையும் உன் வாய்தான் தின்னுச்சு.

பாழாய்ப்போன வாய். பேச வேண்டிய அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"ஜன்னலைத் தொறந்து வெச்சுக்கோ." சுபாஷினி படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவின் அடியில் ஈரத்துண்டின் நுனி தெரிந்தது.

தேன்மொழி முந்தானையால் மூக்கையும் வாயையும் கட்டினாள். மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தாள்.

எவ்வளவு நேரம்தான் அடக்க முடியும்? ஜன்னலுக்கு ஓடிப்போய் மூச்சை இழுத்தாள். திரும்பி வந்து தேய்த்தாள். மறுபடி ஓடினாள். கொடுத்த கையுறை பெரிதாக இருந்து வழுக்கியது. கழற்றிப் போட்டாள். மூலையில் இருந்த கரிக்குத் தலையை உள்ளே விட்டாக வேண்டும். விட்டாள். கண் எரிந்தது. நெஞ்சு எரிந்தது. ஐயோ சாமி, உள்ளே இருப்பதற்கு மூக்கு முளைத்திருக்குமா?

அழுகை வந்தது. அழவும் மூச்சு வேண்டுமே.

ஓவன் புதிது போல ஆகிவிட்டது. "உன்னை மாதிரி யார் செய்வாங்க" என்றாள் சுபாஷினி, கதவைக் கொஞ்சமாகத் திறந்து.

மறுநாள் விடியும்போதே இடுப்பு வலித்தது.

பாத்ரூமில் பார்த்தாள். அந்தக் கறை அவளுக்குப் புதிதில்லை. மூன்றாவது தடவை.

அந்த ஸ்ப்ரேயா, தலையெழுத்தா, யார் சொல்வது?

மாமியாரிடம் சொல்லவில்லை. பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். வீட்டில் படுத்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஃபிளாட் முழுக்க மல்லிகை வாசம். கேக் நன்றாக உப்பி வந்திருந்தது. சுபாஷினி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம். இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல். எல்லாரும் போட்டு முடித்தார்கள். இனி, குழந்தை இல்லாதவர்களுக்கு அவள் தன் கையால் வளையல் போட்டுவிட வேண்டும். போட்டுக்கொண்டால் அடுத்த வருடம் மடியில் பிள்ளை இருக்கும் என்பார்கள்.

"தேனு எங்கே? முதல்ல அவளுக்குத்தான்."

உண்மையான பிரியம்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். நாற்காலியின் முன்னால் மண்டியிட்டாள். அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

சுபாஷினி பச்சை வளையல்களை எடுத்தாள். தேன்மொழியின் விரல்களைக் குவித்துப் பிடித்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு கை தன் வயிற்றைப் பொத்தியது.

"இன்னும் அந்த ஸ்ப்ரே நெடி போகலையே, தேனு. பாப்பாவுக்கு ஆகாது. கையைக் கழுவிட்டு வந்துரு."

"சரிங்க்கா."

சமையலறைக் குழாயைத் திறந்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள்.

உள்ளே எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

மறுபடி சோப்பை எடுத்தாள்.